முப்பது நாள் கெடு

ஒப்பந்தத்தை நான் முழுதாய் வாசித்தது
மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை,
மூஞ்சிக்கல் கேஸ் ஏஜென்சியின் பின்னறையில்,
காலி சிலிண்டர்களுக்கு நடுவே.
அதுவரை எல்லாரையும் போல
அடிவரை விரலால் தள்ளிவிட்டு
'சம்மதம்' என்று தொட்டவள்தான் நானும்.

பந்தியில் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடு,
பொட்டலம் மட்டும் கட்டாதே
என்கிறது பதினோராம் பக்கம்.
வரைபடத்தைப் பார்க்கலாம். காட்டலாம்.
சேர்த்துவைக்கக் கூடாது.
முகவரி கொடுத்து வாங்கிய அட்சரேகையும் தீர்க்கரேகையும்
முப்பது நாள் இருக்கலாம்.
முப்பத்தோராம் நாள் இருந்தால் குற்றம்.

அழித்தேன்.
விடியற்காலை இரண்டு மணிக்குத் தானாய் ஓடும்
நாலு வரி நிரல்.
மன்னவனூரில் நாற்பத்தாறு அடுப்புகள்,
கவுஞ்சியில் பதினேழு,
போளூரில் எண்ணவில்லை;
எழுந்து பார்த்தால் வெள்ளைக் கட்டங்கள்.

வேலப்பனுக்கு இது பிடிபடவில்லை.
பூம்பாறை தாண்டினால் அவன் கைபேசிக்குக் காது அடைத்துவிடும்.
முன்பே இறக்கிவைத்ததுதான் வழி.
"வீடு அங்கேயேதான இருக்கு மேடம்,
அது எப்படி காலாவதியாகும்?
சிலிண்டர் கழுத்துலகூட
வருசக்கணக்குல தேதி போட்டிருக்கான்."

முதலாளி சவரிமுத்து
மப்ளரை அவிழ்க்காமலே சொன்னார்:
"இந்தக் குளிருக்குள்ள எவன் வந்து பாக்கப்போறான்?
அழிக்காம விடும்மா."

விட்டேன்.
அந்த நாலு வரிக்கும் முன்னால்
இரண்டிரண்டு சாய்கோடுகள். அவ்வளவுதான்.
ஒப்பந்தத்தை மீறுவது
இத்தனை சத்தமில்லாத வேலையா!
ஐப்பசி முழுக்க
எல்லா அடுப்பும் அதனதன் இடத்தில் எரிந்தன.

கார்த்திகை மூன்று.
கிளாவரைக்கு இந்தப் பக்கம் மண் சரிந்தது.
என் பழைய படத்தில் சாலை இருந்தது,
நீலமாய், நம்பிக்கையாய்.
மூடுபனியில் அதை நம்பி ஓட்டிப்போனவன்
முன்சக்கரம் ஒன்று காற்றில் தொங்க
பிரேக்கின் மேல் ஏறி நின்றான்.
பின்னால் இருபத்திரண்டு சிலிண்டர்கள்
ஒன்றையொன்று தட்டிப் பார்த்துக்கொண்டன.

எங்கள் உயிரை நினைத்தா எழுதினான் அந்தப் பக்கத்தை?
தன் சரக்குக்குப் பூட்டுப் போட்டான், அவ்வளவே.
ஆனாலும் அன்றிரவே
சாய்கோடுகளை ஒவ்வொன்றாய் எடுத்தேன்.
கை நடுங்கியதைக் குளிர் என்று சொல்லிக்கொண்டேன்.

பிறகு மறுபடி வாசித்தேன்.
அவர்களிடம் வாங்கியதைத்தான் திருப்பச் சொல்கிறார்கள்.
நாமே வாசலில் நின்று அளந்தது பற்றி
ஒரு வரிகூட இல்லை.

செயலியில் ஒரு பொத்தான் வைத்தேன்:
'இங்கே நிற்கிறேன்.'
சிலிண்டரை இறக்கிவைத்து
மூச்சு வாங்கியதும் அமுக்குவான் வேலப்பன்.
பெயரும் அவனே இடுவான்.
பூண்டு காயும் தகரக் கூரை.
நாய் இடப்பக்கம்.
ஹாரன் அடி, அவங்களே வருவாங்க.
ஒரு புள்ளி மட்டும் எந்த வீட்டிலும் இல்லை,
கேரட் வயலின் நடுவே கிடந்தது.
கேட்டேன்.
"வண்டி ஏறாது மேடம். அங்கதான் தோள் மாத்துவேன்."
அதையும் வைத்துக்கொண்டேன்.

மாசி வருவதற்குள் இருநூற்றுச் சொச்சம் வாசல்கள்,
யாரிடமும் இரவல் வாங்காதவை.

மரியபுஷ்பம் மட்டும் கேட்டாராம்
பணத்தை எண்ணிக் கொடுத்துக்கொண்டே:
"எங்க வீட்ட அந்த போனுக்குள்ள
எத்தன நாளைக்கு வச்சிருப்பீங்க?"
மேடத்தைக் கேட்டுச் சொல்றேன் என்று
வந்துவிட்டான்.

இன்று ஞாயிறு. மழை.
அதே பின்னறை.
என் முதல் ஒப்பந்தத்தை எழுதுகிறேன்,
அவர் வாசிக்கக்கூடிய அளவு எழுத்தில், ஒரே பக்கம்.
'நாட்கள்' என்ற சொல்லுக்கு முன்னால்
இன்னும்
ஓர் இடம் காலியாய் இருக்கிறது.